ஒரு கிலோ விறகு, ஒரு லிட்டர் தண்ணீர்

டம்ளரை வாங்கியதும் கோகிலவாணி குடித்துவிடுவதில்லை. முதலில் சுண்டுவிரலின் பின்புறத்தை டம்ளரின் வெளிச்சுவரில் ஒட்டிப் பார்க்கிறார். பிறகு அதே விரலின் நுனியைத் தண்ணீரில் தொட்டு எடுக்கிறார். அவர் கண்ணெதிரே பானையிலிருந்து மொண்டு கொடுத்த தண்ணீர்தான். மாதமோ மார்கழி. ஜவ்வாது மலையில் அந்த மாதத்துப் பானைத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். இருந்தாலும் விரல் உள்ளே போய்விட்டுத்தான் வருகிறது.

“இத மொத்தமா ஆவியாக்கணும்னா கால் கிலோ வெறகு வேணும் சார்” என்கிறார், அவரைப் பற்றி எழுத வந்த என்னிடம், டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி. அதற்குப் பிறகுதான் ஒரு மிடறு இறங்குகிறது.

நொச்சிமேட்டில் மலைப்பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளி ஒன்று இருக்கிறது. பெண்கள் பள்ளி. கோகிலவாணி அங்கே அறிவியல் ஆசிரியர். விடுதிக் காப்பாளர் பொறுப்பும் அவருடையதே. சொந்த ஊர் அடிவாரத்து ஒடுகத்தூர். நாற்பதைத் தாண்டிய, ஒடிசலான உடம்பு. புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி, அதன்மேல் ஊக்கும் குத்தியிருப்பார். காற்றில் தலைப்பு பறந்து அடுப்பில் பட்டுவிடும் என்ற பயம். விடுதி அறையில் அவருடைய கட்டில் ஒரு மூலையில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. மின்விசிறி அறுந்து விழுந்தாலும் படாத இடம் அது. மலைப் பேருந்தில் ஏறினால் வாசலை ஒட்டிய இருக்கை கிடைக்கும்வரை நின்றுகொண்டே வருவார். எந்த வீட்டிலும் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை அவர் இருக்கமாட்டார்.

“எங்க டீச்சரம்மா கோழி கூவுனாக்கூட திடுக்குனு எழுந்து குந்திக்கும்” என்கிறார் சமையற்காரர் செல்லி. அகன்ற தோளும் உரத்த குரலுமாக, ஐம்பது வயதிலும் அண்டாவைத் தனியாக இறக்கிவைக்கிறவர். “ஆனா கணக்குன்னு ஒக்காந்துச்சுன்னா இடி வுழுந்தாலும் அசையாது.”

அந்தக் கணக்கு ஒரே கணக்குதான். எங்கே தண்ணீரைக் கண்டாலும், அதைக் கொதிக்கவைக்க எவ்வளவு வெப்பம் வேண்டும், கொதித்ததை முழுக்க ஆவியாக்க எவ்வளவு வேண்டும் என்று மனதுக்குள் போட ஆரம்பித்துவிடுவார். கிணறு, ஏரி, கோயில் குளம் எதையும் விடுவதில்லை. செங்கத்துக்குப் போகும் வழியில் ஒரு பாலத்தின்மேல் பேருந்து நின்றுவிட்டால் கீழே ஓடும் ஆற்றையும் போட்டுவிடுவார். கடலை மட்டும் இப்போது தொடுவதில்லையாம்.

“ஒருவாட்டி போட்டேன் சார். பூஜ்யம் வந்துனே இருந்துச்சு. நிக்கல. அன்னிக்குத் தூக்கம் போய்டுச்சு.”

சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை.

இந்தப் பழக்கத்தின் வேர் ஒடுகத்தூரில் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் பின்னால் நெல் அவிக்கிற ஆலை ஒன்று இருந்தது. அத்தை முத்தம்மாளுக்கு அங்கே வேலை. நெல் ஊறப்போடும் சிமெண்டுத் தொட்டியில் வெந்நீர் விட்டிருந்தார்கள். உச்சி வெயில் நேரம். வெயிலில் ஆவி கண்ணுக்குத் தெரிவதில்லை. தொட்டிக்குள் விழுந்த முறத்தை எடுக்க, நேற்றைய தண்ணீர் என்று நினைத்து அத்தை உள்ளே இறங்கிவிட்டார். ஆறு வயதுக் கோகிலவாணி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை கத்தவே இல்ல சார். வாய் மட்டும் தொறந்தே இருந்துச்சு. தண்ணி பாத்தா தண்ணியாட்டமேதான் இருந்துச்சு.”

அத்தை பிழைத்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே அவருடைய கால்கள் கடைசிவரை வேறு யாருடைய கால்களோ போல இருந்தன. கோகிலவாணிக்குத் தண்ணீர்மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. பிறகு கல்லூரியில் இயற்பியல் படித்தபோது, தண்ணீர் எப்போது சுடும், எவ்வளவு நெருப்புக்கு எவ்வளவு சுடும் என்பதையெல்லாம் எண்ணாகச் சொல்லிவிடலாம் என்று தெரிந்தது. வகுப்பில் மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பாடத்தில் இவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கணக்குப் போட்டா பயம் போவாது சார். ஆனா எவ்ளோ பயப்படணும்னு தெரிஞ்சிடும்.”

நொச்சிமேட்டுப் பிள்ளைகளுக்கு ஜூல், கலோரி என்றெல்லாம் சொன்னால் முகம் மங்கிவிடும். விறகு என்றால் கண் திறக்கும். எல்லாரும் தலையில் சுமந்தவர்கள். எனவே ஒரு நாள் வகுப்பைச் சமையற்கட்டுக்கே கூட்டிப்போனார். ரேஷன் அரிசி நிறுக்கும் தராசில் விறகை நிறுத்தார். அண்டாவில் பத்து லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, மூன்று கல் அடுப்பில் ஏற்றி, சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லாமல் வற்றும்வரை எரிக்கச் சொன்னார்.

“சும்மா தண்ணியக் காய்ச்சி காத்துல வுடறீங்களே டீச்சரம்மா, ஒரு பிடி பருப்பாவது போடக் கூடாதா?” என்று செல்லி கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாராம்.

விறகு தந்த வெப்பத்தில் பெரும்பங்கு காற்றுக்கும் கல்லுக்கும் போய்விட, மிச்சம்தான் தண்ணீருக்குச் சேர்ந்தது. ஏறக்குறைய ஒரு கிலோ விறகுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானது. பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமில்லாத கணக்கு. அதோடு இன்னொன்றையும் அவர் சொல்லிக்கொடுத்தார். தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோவது சின்ன வேலை. கொதிக்கிற தண்ணீரை ஆவியாக்கி அனுப்புவதுதான் பெரிய வேலை. அதற்கு ஏழு மடங்கு நெருப்பு வேண்டும். “தண்ணி லேசுல போவாது. பிடிச்சிக்கினு நிக்கும்” என்பார். ஆனால் ஆளைச் சுடுவதற்குத் தண்ணீர் கொதிக்கவே வேண்டியதில்லை. ஒரு கிலோ விறகு இருபது லிட்டரைத் தொட முடியாத சூட்டுக்குக் கொண்டுபோய்விடும். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழும்.

பள்ளிக்குக் கீழே சரிவில் ஒரு குட்டை இருக்கிறது. அந்த ஆண்டு கார்த்திகையில் அது நிறைந்து கிடந்தது. பிள்ளைகள் கரையை அடி வைத்து அளந்தார்கள். நடுவில் நெஞ்சளவு ஆழம் என்று காவலாளி சின்னதம்பி சொன்னார். பெருக்கிப் பார்த்ததில் இருபது லட்சம் லிட்டர் வந்தது. அதை வற்றக் காய்ச்ச சுமைக்கு இருபது கிலோ என்றால் எத்தனை சுமை விறகு வேண்டும் என்று கேட்டதற்கு, எட்டாம் வகுப்பு ரம்யா வாய்க்குள்ளேயே எண்ணிவிட்டு எழுந்து நின்றாள்.

“லட்சம் சுமை மிஸ். அதுக்கு மலையையே எரிக்கணும்.”

வகுப்பே சிரித்தது. கோகிலவாணியும் சிரித்தாராம். அடுத்த பங்குனியில் மலை எரிந்தது.

எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பாதிப் பிள்ளைகளுக்குமேல் வீட்டுக்குப் போயிருந்தார்கள். விடுதியில் இருபது சொச்சம் பேர் மிச்சம். பள்ளி வேன் ரேஷன் எடுக்கச் செங்கத்துக்குப் போயிருந்தது. கோகிலவாணி சீருடைகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைத் தாவணியின்மேல் கறுப்பாக ஏதோ வந்து உட்கார்ந்தது. எரிந்த இலை. நரம்பு மட்டும் அப்படியே இருந்தது, தொட்டதும் பொடியாயிற்று.

“செல்லிக்கா, அடுப்புல இன்னா போட்டீங்க?”

“அடுப்ப அணைச்சு எவ்ளோ நாழியாவுது!”

அதன்பின்தான் சத்தம் கேட்டது. கீழ்ச்சரிவில் மூங்கில் வெடிக்கும் சத்தம், ஊர்த் திருவிழாவில் சரம் கொளுத்தியது போல. சரிவின் விளிம்புக்கு ஓடிப் பார்த்தார். குட்டைக்கு அப்பால் காடு முழுவதும் புகை. புகைக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. மலைப்பாதை அந்தப் புகைக்குள்தான் இறங்கிப் போகிறது. பள்ளிக்குப் பின்னால் செங்குத்து; மூங்கில் புதரும் காய்ந்த சருகும். நெருப்பு மேட்டில் ஏறுகிற வேகத்துக்குப் பிள்ளைகளால் ஏற முடியாது. சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று தொலைபேசியில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னார். உடனே கிளம்புகிறோம் என்றார்கள். கிளம்பியிருப்பார்கள். ஆனால் கீழிருந்து வண்டி மலையேறி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது மலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கலாமா என்று ஒரு கணம் யோசித்திருக்கிறார். ஓட்டுக் கூரை, அடியில் காய்ந்த மரச்சட்டம், கூரைமேல் சருகு. சமையற்கட்டில் கேஸ் சிலிண்டர்கள். அதை விட்டுவிட்டார்.

சின்னதம்பி வந்துவிட்டார். இந்த மலையில் பிறந்தவர்; சாமையும் புளியும் போட்டுப் பிழைத்து, வயதான காலத்தில் காவலுக்கு வந்தவர். விடுதிக்குப் பக்கத்திலேயே குளிக்கிற தண்ணீருக்கான பெரிய சிமெண்டுத் தொட்டி இருந்தது. தன் கறவை ஆட்டை அதற்குள் தள்ளி, உட்படியில் நிற்கவைத்துக் கட்டிவிட்டுத்தான் ஓடிவந்தார்.

“டீச்சரம்மா, புள்ளைங்களத் தொட்டில எறக்கிடலாம். சிமிட்டித் தொட்டி. நெருப்பு சிமிட்டிய இன்னா பண்ணிடும்?”

“தொட்டில தண்ணி எவ்ளோ கீது?”

“அரைத் தொட்டி கீது. போதும், கழுத்து மட்டும் முங்கிக்கலாம்.”

கோகிலவாணி தொட்டியைப் பார்க்கவில்லை. தொட்டியின் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த விறகைப் பார்த்தார். இரண்டு டிராக்டர் விறகு, கோடைக்கு முன் இறக்கியது, எலும்பாகக் காய்ந்திருந்தது. அரைத் தொட்டி என்றால் ஐயாயிரம் லிட்டர். அதைத் தொட முடியாத சூடாக்க இருநூற்றைம்பது கிலோ போதும். நெருப்பு பக்கவாட்டில் எரிந்து பாதிக்குமேல் வீணாய்ப் போனாலும், அங்கே இருந்தது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். நகர்த்த நேரமில்லை. இதையெல்லாம் அவர் யோசித்துப் போடவில்லை. அந்தத் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் போட்ட கணக்குதான்.

“வேணாண்ணா. குட்டைக்குப் போவோம்.”

“குட்டைக்கா? நெருப்பு அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வருது! நெருப்பப் பாத்து நடக்கச் சொல்றியா புள்ளைங்கள?”

அவர் சொன்னதும் சரிதான். குட்டைக்கும் பள்ளிக்கும் நடுவே இடுப்பளவு காய்ந்த புல். நெருப்பு இன்னும் குட்டையின் அக்கரையில்தான் இருந்தது. ஆனால் ஒரு காற்று தள்ளினால் எகிறி இந்தப் பக்கம் விழுந்துவிடும். பாதிவழியில் அகப்பட்டால் அதோடு முடிந்தது.

“அங்க இருபது லட்சம் லிட்டர்ணா. இங்க ஐயாயிரம்” என்றார் கோகிலவாணி. சொல்லிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கால் நின்னுபோச்சு சார். முட்டிக்குக் கீழ என்னுதே இல்ல. தலைக்குள்ள கணக்கு மட்டும் ஓடினு இருக்குது. உடம்பு வர மாட்டேங்குது. புள்ளைங்க என்னியே பாக்குதுங்க.”

செல்லி வந்து அவருடைய இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

“எழுந்துரு. எங்க போவணும், அத மட்டும் சொல்லு. நடக்கவைக்கறது என் வேலை.”

“குட்டை.” சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. செல்லிக்கு அது போதுமானதாக இருந்தது.

கட்டிலில் கிடந்த போர்வைகளை வாரிப் பிள்ளைகள் தலையில் போட்டு, ஒருத்தி போர்வை நுனியை அடுத்தவள் பிடித்துக்கொள்ள, செல்லி முன்னால் நடந்தார். கடைசியில் கோகிலவாணி. அவருக்கும் பின்னால், வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சின்னதம்பி. சரிவில் இறங்க இறங்க முகத்தில் சூடு ஏறியது. சின்னப் பிள்ளைகள் திரும்பி ஓடப் பார்த்தார்கள். நெருப்பிடமிருந்து ஓட வேண்டும் என்று உடம்பு சொல்லிக்கொண்டிருந்தபோது, டீச்சர் அதை நோக்கி நடக்கச் சொல்கிறார். ஒரு பிள்ளை பாதிவழியில் சிறுநீர் கழித்துவிட்டாள். யாரும் நிற்கவில்லை.

குட்டையைக் கண்டதும் கோகிலவாணி நின்றுவிட்டார். அவர் கணக்குப் போட்டது கார்த்திகைக் குட்டைக்கு. இது பங்குனி. கரையெல்லாம் வெடித்த சேறு. தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடந்தது. இறங்கினால் முழங்கால், இன்னும் உள்ளே போனால் பெரியவர்களுக்கு இடுப்பு. ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இதைத் தினமும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்தும் பழைய எண்ணையே மனதில் வைத்திருந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தார். அவர்கள் நடந்துவந்த புல்லின் ஓரத்தில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. காற்று தள்ளிவிட்டது. இனிப் போக இடமில்லை.

“உள்ள போங்க. நடுவுல. குந்துங்க. போர்வைய நனைச்சுத் தலைமேல போட்டுக்குங்க. வாயத் தொறக்காதீங்க, தண்ணிய ஒட்டி மூக்கால மூச்சு வுடுங்க.”

அதன்பிறகு நடந்ததை அவர் துண்டு துண்டாகத்தான் சொல்கிறார். நான்கு பக்கமும் ஒரே இரைச்சல், மேலே ரயில் ஓடுவது போல. நனைந்த போர்வை முகத்திலேயே உலர்ந்தது, மறுபடி முக்கினார்கள், மறுபடி உலர்ந்தது. நெருப்புத் துண்டுகள் தண்ணீரில் விழுந்து உஸ் உஸ்ஸென்று அணைந்தன. பள்ளிப் பக்கம் சிலிண்டர் வெடித்தபோது குட்டைத் தண்ணீர் அதிர்ந்தது. எரிகிற கிளை ஒன்று பறந்துவந்து செல்லியின் தோளில் பட்டது; அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் முங்கினார். ஒருமுறை போர்வையை விலக்கிப் பார்த்தபோது, எதிர்க்கரையோரம் ஒரு கேளையாடு, சின்னக் காட்டுமான், கழுத்துவரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. மனிதர்களைக் கண்டால் காற்றாகப் பறக்கிற பிராணி. அன்று அது இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. அதனருகில் ஒரு சாரைப்பாம்பு நீந்திப் போனது.

தண்ணீரின் மேற்பரப்பு சுட ஆரம்பித்தது. அவர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். மேலே வெதுவெதுப்பு, ஒரு சாண் கீழே குளிர்ச்சி, காலடியில் சேறு ஜில்லென்று இருந்தது.

“கலக்குங்க! கைய வீசிக் கலக்கினே இருங்க. மேல இருக்கற சூடு கீழ போவணும். நிறுத்தாதீங்க!”

பிள்ளைகள் அத்தனை பேரும் போர்வைக்குள்ளிருந்து கையை விட்டுத் தண்ணீரைக் கலக்கினார்கள். அவரை ஒட்டிக் குந்தியிருந்தாள் ரம்யா.

“மிஸ், தண்ணி கொதிச்சிடுமா?”

“கொதிக்காது.”

“மலையே எரியுதே மிஸ்.”

தலைக்குள் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தாராம். லட்சம் சுமை என்ன, அதைவிட அதிகமாகவே சுற்றி எரிந்துகொண்டிருந்தது. நாலு லட்சம் லிட்டர், இல்லை, மூன்றுதான் இருக்குமோ? எரிவதில் நூற்றில் ஒரு பங்கு தண்ணீருக்குள் வந்தால் எவ்வளவு? ஐந்து பங்கு வந்தால்? எண்கள் வழுக்கி வழுக்கிப் போயின.

“பக்கத்துலதானே எரியுது, அடியில எரியலியே. சூடு மேலதான் போவும். நம்ம அடுப்புலயே எவ்ளோ வீணாப் போச்சு, நீதானே நிறுத்துப் பாத்த?”

“ஆமா மிஸ்.”

“ஒரு லிட்டருக்கு எவ்ளோ?”

“ஒரு கிலோ.”

“பத்து லிட்டருக்கு?”

பக்கத்தில் இருந்தவளும் சொன்னாள். பிறகு அதற்கடுத்தவள். வாயைத் திறக்காதீர்கள் என்று சொன்னவரே கேள்வி கேட்க, பற்களைக் கடித்தபடி பிள்ளைகள் பதில் சொன்னார்கள். நூறு லிட்டருக்கு? ஆயிரம் லிட்டருக்கு? குட்டையில் எவ்வளவு தண்ணீர் என்று ஒரு பிள்ளை கேட்டாள். “இருபது லட்சம்” என்றார் கோகிலவாணி. “தெரிஞ்சேதான் சொன்னேன் சார். வேற இன்னா சொல்றது?”

எவ்வளவு நேரம் இப்படி இருந்தீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்று தலையாட்டினார். செல்லியைக் கேட்டால் ஒரு யுகம் என்கிறார். சின்னதம்பியோ ஒரு மரக்கால் சாமை குத்துகிற நேரம் என்கிறார்.

புல் சீக்கிரம் எரிந்து தீர்ந்தது. நெருப்பு பள்ளியைத் தாண்டி மேலே மூங்கிலுக்குள் ஏறிப் போனது. வெளிச்சம் குறைவதற்குள் தீயணைப்புக்காரர்களும் வனத்துறை ஆட்களும் சாம்பலில் கால் வைத்து இறங்கி வந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இருமல், கன்னங்களில் கொப்புளம், ஒருத்திக்குத் தலைமுடி பொசுங்கியிருந்தது. செல்லிக்குத் தோளில் ஆழமான காயம். எண்ணிப் பார்த்தார்கள். எல்லாரும் இருந்தார்கள்.

மேலே ஏறி வந்தபோது கூரை உள்ளே விழுந்து கிடந்தது. சமையற்கட்டு இருந்த இடத்தில் சுவர் மட்டும். விறகடுக்கு இன்னும் கங்காகச் சிவந்து கொண்டிருந்தது. பக்கத்தில் போக முடியவில்லை. தொட்டியின் பூச்சு பாளம் பாளமாக உரிந்திருந்தது. அதன் வாயிலிருந்து மெல்லிய ஆவி, பொங்கலுக்கு உலை வைத்தது போல, நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. மறுபக்கமாகச் சுற்றிப்போய் கோகிலவாணி சுண்டுவிரலை நீட்டினார். தண்ணீருக்கு ஒரு சாண் மேலேயே விரல் நின்றுவிட்டது. உள்ளே படியில் ஆடு கட்டியபடியே அசையாமல் கிடந்தது.

 சின்னதம்பி, பிள்ளைகள் ஏறி வருவதற்குள், நனைந்த போர்வை ஒன்றைப் பிடுங்கி, ஆடு தெரியாதபடி தொட்டியின் அந்த மூலைமேல் போட்டு, விளிம்பில் கல் வைத்தார்.

பள்ளியைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். தொட்டி இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. விறகு எதன் பக்கத்திலும் இல்லை. தனியே, திறந்த வெளியில், நடந்துபோய் எடுக்கிற தூரத்தில் கிடக்கிறது. மழையில் நனைந்தால் நனையட்டும் என்று சின்னதம்பியே அங்கே கொண்டுபோய் அடுக்கினார். மறுபடி ஆடு வாங்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, “இன்னாத்துக்கு சார் இப்ப அது?” என்று எழுந்து போய்விட்டார்.

அடிவாரத்தில் நடந்த ஒரு விழாவில் கோகிலவாணிக்குச் சால்வை போட்டார்கள். வீரப் பெண்மணி என்று பேசினார்கள். மேடையில் பந்தல் விளக்குக்கான ஒயர் ஒன்று இணைப்புப் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்ததாம். விழா முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் யார் என்ன பேசினார்கள் என்று அவருக்கு நினைவில்லை. “தைரியமா? எனக்கா? செல்லிக்கா தூக்கலைன்னா அங்கியே குந்தினு எரிஞ்சிருப்பேன் சார்.” அமிர்திப் பக்கம் சமவெளிப் பள்ளிக்கு மாற்றல் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார். தியாகம் என்று நினைத்துவிட வேண்டாம். “இங்கன்னா தண்ணி எங்க கீதுன்னு தெரியும். புது ஊர்ல அத முதல்லேர்ந்து பாக்கணும்.”

குட்டையின் நடுவில் இப்போது வண்ணக் கோடுகள் போட்ட ஒரு கம்பம் நிற்கிறது. வாரந்தோறும் பிள்ளைகள் அதைப் பார்த்து வந்து தண்ணீரின் அளவைச் சொல்கிறார்கள். பங்குனி பிறந்தால் தினமும். தீ விபத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. ரம்யா பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். மார்கழியிலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தால் வாளியைத் தள்ளிவிடுகிறாள். அவளை யாரும் வற்புறுத்துவதில்லை.

இப்போதும் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“முன்ன விட ஜாஸ்தி சார். அப்போ பயம் தலைக்குள்ள கணக்காத்தான் இருந்துச்சு. இப்போ மூக்குல வந்து குந்திடுச்சு. ஊதுவத்தி வாசனைக்கே எழுந்துக்கறேன்.” கொஞ்சம் பொறுத்து, “அன்னிக்குக் குட்டையில இன்னும் ஒரு சாண் தண்ணி குறைஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்னு போட்டுப் பாத்தேன் சார்” என்றார்.

“என்ன வந்தது?”

டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்தார்.

செங்கம் பேருந்துக்கு என்னை வழியனுப்ப நிறுத்தம்வரை வந்தார். காலைப் பனி இன்னும் விலகவில்லை. சாலையோரப் புல்லும் மண்ணும் துணியைப் பிழியலாம் போல நனைந்து கிடந்தன. பேருந்து வந்து நின்றதும், நிறுத்தத்தில் நின்றிருந்த ஒருவர் கடைசி இழுப்பு இழுத்துவிட்டு, பீடித் துண்டைச் சுண்டி எறிந்து படியேறினார். அது ஈரத்தில் விழுந்து அப்போதே அணைந்திருக்கும். கோகிலவாணி என்னிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டு, நாலு எட்டில் அங்கே போய், செருப்புக் காலை அதன்மேல் வைத்தார். போய்வருகிறேன் என்றேன். அங்கிருந்தே கையை உயர்த்தினார். பேருந்து கிளம்பி வளைவை நெருங்கும்போது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புடவையை இரு கையாலும் கணுக்கால்வரை தூக்கிப் பிடித்து, பாதத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். காலை இன்னும் எடுக்கவில்லை.